வெங்காயத்தோலும் வெங்காயத்தாளும்

786

வேலம்பாளையம், திருப்பூர்,
11-9-1996.

அன்பு மகன் நஜீமுதீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூரில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் அத்தா, அக்பர் அண்ணன், அண்ணி, பாப்பா எல்லாருக்கும் உடம்பு சுகம். உடம்பு மட்டும்தான் சுகம், மற்றதை இனிமேல்தான் எழுதப் போகிறேன். அத்தாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், கோபம்தான் ஏறியிருக்கிறது, அதற்கு டாக்டரிடம் மாத்திரை இல்லை. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, உனக்கு போட்டோ எடுத்து அனுப்பியே ஆக வேண்டும் என்று நிற்கிறாள். தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் மூன்று நிமிடம் நலம் விசாரிக்கவே சரியாகிவிடுகிறது, பக்கத்தில் அத்தாவும் நின்றுகொண்டு மீட்டரைப் பார்க்கிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அத்தாவுக்கு இரண்டு பக்கம், அண்ணனுக்கு ஒரு பக்கம், கடைசியில் எனக்கு இரண்டு வரி. அம்மா, அத்தா கேட்கிறபடி கணியூர்த் தோப்பை விற்கக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், கம்ப்யூட்டர் இல்லாமல் இனித் தொழில் நடக்காது, அடம் பிடிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அடம் என்று நீ எழுதினது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தத் தோப்பு என் அத்தா எனக்குக் கொடுத்தது, பத்திரம் என் பெயரில் இருக்கிறது, அதனால் என் கையெழுத்து தேவைப்படுகிறது, இல்லாவிட்டால் என்னை யார் கேட்டிருக்கப் போகிறார்கள். தென்னை மரம் போகிறதே என்று மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. காய்க்கிறதில் பாதியை எலியும் காவல்காரனும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், நாளைக்கே விற்றாலும் எனக்கு ஒன்றுமில்லை. எதற்கு விற்கிறோம் என்று மட்டும் கேட்டேன். நான்காவது கம்ப்யூட்டர் வாங்க என்றார்கள். நான்காவது எதற்கு என்றேன். இருக்கிற மூன்றும் சரியில்லை என்றார்கள். மூன்றும் ஏன் சரியில்லை என்று கேட்டேன், அதற்குத்தான் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து அடம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்த ஆளே நீதான், மறந்துவிட்டாயா. இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஏனுங்க அத்தா, சிங்கப்பூர்ல பொட்டிக்கடையில கூட கம்ப்யூட்டர் இருக்குதுங்க, நாமளும் ஒண்ணு வாங்கியே ஆகோணுமுங்க என்று சொன்னாய். வாங்கோணும் என்று சொன்னாயே தவிர எந்த வேலைக்கு, யார் அதன் முன்னால் உட்காருவது, உட்காருகிற ஆள் போய்விட்டால் என்ன செய்வது, இன்றைக்கு ஒன்று வாங்கினால் அடுத்த வருடம் வாங்குவது இதோடு ஒத்துப்போகுமா, ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலையே படித்த பிள்ளை நீ. மூன்று வாரத்தில் எலும்புக் குழம்பும் இடியாப்பமும் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டாய், இங்கே உன் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அத்தாவும் அண்ணனும் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

முதல் பெட்டி வந்தது. நம் பனியன் கம்பெனி மாடியில் அதற்கென்று ஏசி போட்டு ஒரு அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீழே இஸ்திரி போடுகிற அயனிங்கில் நிற்கிறவர்கள் வேர்வையில் குளித்துக்கொண்டிருக்க, மேலே பெட்டி குளிர்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்கு மாதம் நான்கு கடிதம் அடிப்பதுதான் அதற்கு வேலை, அதற்கு முன்னால் அந்த நான்கு கடிதத்தையும் டைப் மெஷினில் அடித்துக்கொண்டிருந்தோம். பிறகு பக்கத்துக் கம்பெனியில் கணக்குக்கு என்று ஒன்று வாங்கினார்கள், அண்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, நமக்கும் இரண்டாவது பெட்டி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணம் என்று நின்றபோது ரகசியச் சொல்லைச் சொல்லாமலே போய்விட்டாள். பதினோரு நாள் பெட்டியைத் திறக்க முடியவில்லை. கடைசியில் அண்ணன் ஒரு குக்கரை வாங்கிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குப் போய், கல்யாண மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற பெண்ணிடம் மெல்லக் கேட்டிருக்கிறான். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு மாப்பிள்ளை பெயர்தானுங்க என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன், அன்றைக்கே யாராவது ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இது என்ன ஏற்பாடு என்று யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது பெட்டி கம்பெனி வேலைக்காக. எந்தத் துணி எங்கே இருக்கிறது, எத்தனை பீஸ் வெட்டினார்கள், எத்தனை தைத்தார்கள் என்று எல்லாம் அது சொல்லும் என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்து புரோகிராம் எழுதிக்கொடுத்தான். ஒரு வாரம் இருந்தான், ஏசி அறையை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. பெட்டியில் இருப்பதைப் பதிந்து எடுக்கிற தகட்டைப் பிளாப்பி என்கிறார்கள், முதல் பெட்டிக்கு அப்பளம் அளவுக்குப் பெரிய பிளாப்பி, மூன்றாவதற்குச் சின்ன பிளாப்பி, ஒன்றினுடையது இன்னொன்றின் வாயில் நுழையாது. அதனால் இப்போது வேலைக்கு இருக்கும் வேலுமணி என்ற பெண் ஒரு பெட்டியில் இருப்பதைப் பேப்பரில் அடித்து எடுத்து, அதைப் பார்த்து அடுத்த பெட்டியில் திரும்ப அடிக்கிறாள். மூன்று கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கையால் காப்பி எடுக்கிற கம்பெனி நம்முடையதாகத்தான் இருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், இதை அத்தா உனக்கு எப்படி எழுதினாரோ எனக்குத் தெரியாது. என் துணுக்கு நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நான் தைத்து வைத்த துணுக்கைப் பிய்த்து விளையாடி அடி வாங்கியிருக்கிறாய். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து நாம் சாயம் போட்ட ஒவ்வொரு கலரிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி வெட்டி நோட்டில் தைத்து, கீழே ஒரு பெயர் எழுதி வைப்பேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் சொல்கிற பெயர் எவர் வாயிலும் நிற்காது, நான் வைக்கிற பெயர் நிற்கும். பாக்கு, மூக்குப்பொடி, கத்தரிப்பூ, கொய்யாப்பழம். ரோஸ் என்று சொன்னால் நம்மிடம் நான்கு ரோஸ் இருக்கிறது, எந்த ரோஸ் என்று தெரிய வேண்டாமா. சின்ன வெங்காயத்தின் மேல்தோல் மாதிரி ஒரு மங்கின ரோஸ், அதற்கு வெங்காயத்தோல் என்று பெயர் வைத்தேன். வெங்காயத்தின் பச்சைத்தாள் மாதிரி ஒரு பச்சை, அது வெங்காயத்தாள். சாயப்பட்டறைக்குச் சீட்டு போகும்போது அந்தத் துணுக்கில் ஒரு துண்டு வெட்டிச் சீட்டோடு பின் அடித்து அனுப்புவேன். பதினாறு வருடத்தில் ஒரு தடவை கலர் மாறியதில்லை.

மூன்றாவது பெட்டி வந்தவுடன் அண்ணன், அம்மா, இனித் துணுக்கு வெட்டற வேலையெல்லாம் உங்களுக்கு வேண்டாமுங்க, கம்ப்யூட்டர் சீட்டே போதுமுங்க என்றான். எனக்கு வேலை மிச்சம் என்று அன்பாகத்தான் சொன்னான். என் நோட்டில் இருந்த பெயர்களை எல்லாம் வேலுமணி இங்கிலீஷ் எழுத்தில் அடித்து உள்ளே ஏற்றினாள். அந்தப் பெட்டி கலர் பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடம் கொடுக்காதாம், ரெட், புளூ, கிரீன் என்று நினைத்து அந்தத் தம்பி எட்டு போதும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வி, இ, என், ஜி, ஏ, ஒய், ஏ, டி. அதோடு வாயை மூடிக்கொண்டது. வெங்காயத் என்று நின்றுவிட்டது, தோலா தாளா என்று சொல்ல இடம் இல்லை. இரண்டும் ஒரே பெயர் என்று நினைத்து அந்தப் பெட்டி இரண்டு கலருக்கும் உள்ள துணியைக் கூட்டி ஒன்றாகப் போட்டுவிட்டது.

ஜூலை மாதம் ஒன்பதாயிரம் நைட்டி ஆர்டர். ஆறாயிரம் வெங்காயத்தோல், மூவாயிரம் வெங்காயத்தாள். சாயப்பட்டறைக் கன்னையனுக்கு அவ்வளவு துணியும் போனது, கூட ஒரே ஒரு சீட்டு போனது, துணுக்கு போகவில்லை. அவர் நல்ல மனுசன், சந்தேகப்பட்டு போன் செய்திருக்கிறார். எடுத்தது வேலுமணி. வெங்காயத்தாளுங்களா என்று அவர் கேட்க, அவள் பெட்டியைப் பார்த்துவிட்டு வெங்காயம்னுதானுங்க போட்டிருக்குது என்று சொல்லியிருக்கிறாள். போன தடவை நமக்குப் பச்சை போட்டவர், மொத்தத்தையும் பச்சையில் போட்டுவிட்டார். துணி வந்து இறங்கின அன்று ஒரு உருட்டைப் பிரித்தேன், பச்சை. அடுத்ததைப் பிரித்தேன், பச்சை. பத்தாவது உருட்டையும் பிரித்தேன், அதுவும் பச்சை. கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கன்னையனை ஆள் அனுப்பி வரவழைத்துக் கேட்டதற்கு, ஏனுங்கம்மா, முன்னெல்லாம் சீட்டோட துணுக்கு வருமுங்க, அத வெச்சு ஒட்டிப் பாத்துப் போட்டுட்டு இருந்தனுங்க, இப்ப வெறுஞ்சீட்டுத்தான் வருது, நான் என்னத்தப் பாக்கறதுங்க என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு. தேவைக்கு மேல் இருந்த பச்சையைக் கறுப்பாக்கி உள்ளூரில் தள்ளினோம், புதிதாகத் துணி ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, பாதியைக் கப்பலிலும் பாதியை விமானத்திலும் அனுப்பினோம். நைட்டி விமானத்தில் போகிறது, நான் இன்னும் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை.

அதுகூடப் போகட்டும். துணி பச்சை என்று தெரிந்த அன்றைக்கு, சரக்கைச் சரிபார்க்கிற செக்கிங் ஹாலில் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா. எல்லாம் அம்மா வெச்ச பேருனால வந்துச்சுங்க, ஊரெல்லாம் பிங்க், கிரீன்னு சொன்னா நம்மளுக்கு மட்டும் தோலு தாளுன்னு இருக்குது என்றான். அவன் பிள்ளைதானே, பதற்றத்தில் பேசினான் என்று விட்டிருப்பேன். அத்தா ஒரு வார்த்தை அவனை அடக்குவார் என்று முகத்தைப் பார்த்தேன். அவர், சமையக்கட்டுப் பேரையெல்லாம் கம்பெனிக்குள்ள கொண்டாந்தா இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். பதினாறு வருடமாகச் செக்கிங் மேஜையில் எனக்கு எதிரில் நின்று வேலை பார்க்கிற நஞ்சம்மாள் என்னைப் பார்க்காமல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு, உடுங்கம்மா, அந்தப் பேரு இல்லாட்டி எங்களுக்கு ஒரு கலருமே தெரியாதுங்க என்றாள். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அத்தாவோடு பேசவில்லை, அவருக்கு அது தெரிந்ததாகவும் தெரியவில்லை.

போன மாதம் முதல் வாரத்தில், பையருக்காக நமக்கு ஆர்டர் கொடுக்கிற பையிங் ஆபீஸிலிருந்து அத்தாவுக்கு போன் வந்தது. அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா, உங்க கம்பெனில சிஸ்டம் இல்ல சார், அக்டோபர் ஏழாம் தேதி பையரே நேர்ல வர்றார், அதுக்குள்ள சிஸ்டம் இருக்கணும், இல்லேன்னா சம்மர் ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும் என்று சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் இல்லாவிட்டால் நூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேரை நிறுத்த வேண்டியதுதான், அது உனக்கும் தெரியும். இந்த ஊரில் கம்ப்யூட்டரைத்தான் இப்போது சிஸ்டம் என்று சொல்கிறார்கள். அத்தாவுக்கும் அண்ணனுக்கும் தலை சுற்றிவிட்டது. மூணு சிஸ்டம் இருக்குதே, இல்லேன்னு சொல்றாங்களே, அப்ப பெருசா ஒண்ணு வேணும்னுதான அர்த்தம் என்று அத்தா சொன்னார். அந்த வாரமே ஒரு விற்பனைக்காரர் டையைக் கட்டிக்கொண்டு வந்து, எல்லா மேஜைக்கும் வயர் இழுத்து நடுவில் பெரிய பெட்டி ஒன்றை வைத்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று சொன்னார். தானாக நடக்கும் என்றால் நாம் எதற்கு என்று நான் கேட்டேன், அவர் சிரித்தார், அத்தா சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் தோப்புப் பேச்சு வந்தது, அன்றைக்குத்தான் உனக்கும் எழுதினார், நீயும் கையெழுத்துப் போடச் சொல்லி எழுதிவிட்டாய். உனக்குப் புரோகிராம் தெரியும், என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டு எழுதினாயா?

இந்தத் திங்கட்கிழமை அந்த பையிங் ஆபீஸ் அம்மா புது சாம்பிள் பார்க்கச் செக்கிங்குக்கு வந்தார். அத்தா வெளியூர் போயிருந்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, ஏனுங்கம்மா, சிஸ்டம் இல்லேன்னு சொன்னீங்களே, சிஸ்டம்னா எதுங்க, எத்தனை பெரிய பெட்டி வாங்கோணுமுங்க என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டியா, நான் பெட்டியைச் சொல்லலியேம்மா, முறையைச் சொன்னேன், யார் எதைச் செய்யணும், தப்பு வந்தா எந்த இடத்துல யார் பிடிக்கணும்னு ஒரு ஒழுங்கு இருக்கணும்னு சொன்னேன், நோட்டுல எழுதி வச்சிருந்தாக்கூட எனக்குப் போதும் என்றார். பார்த்தாயா, கண்ணு. ஒரு வார்த்தையைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டு என் தோப்புக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு புது நோட்டை எடுத்துக்கொண்டு நூல் இறங்குகிற இடத்திலிருந்து சரக்கைக் கட்டி அனுப்புகிற இடம் வரைக்கும் நடந்தேன். எந்தச் சீட்டு யார் கையில் பிறக்கிறது, யார் பார்க்கிறார்கள், அடுத்து யாரிடம் போகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். கட்டிங் மாஸ்டர், நம்மள இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லீங்களே என்றார். ஒரே கணக்கு ஏழு இடத்தில் ஏழு பேர் கையால் எழுதப்படுகிறது. வெங்காயத்தோலுக்கு முதல் பெட்டியில் பையர் வைத்த பெயர், இரண்டாவது பெட்டியில் முப்பத்தொன்று என்று ஒரு நம்பர், மூன்றாவதில் அந்த அரைகுறை வெங்காயம். ஒரே பிள்ளையை மூன்று வீட்டில் மூன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது எந்த வீட்டுக்கு ஓடும். மூன்று பெட்டியில் இருப்பதற்கும் வேறு எங்கும் நகல் கிடையாது, வேலுமணி போனால் அடுத்து யார் என்று கிடையாது. இன்னும் பெரிதாக ஒன்று வாங்கினால் இந்தக் குழப்பமும் பெரிதாகும், வேகமாகவும் நடக்கும்.

அன்று வெளியூரிலிருந்து வந்த அத்தாவிடம் அந்த அம்மா சொன்னதைச் சொல்லி நோட்டைக் கொடுத்தேன். சண்டை வந்தது. உனக்கென்ன தெரியும், நாளைக்கு ஊரே கம்ப்யூட்டர்ல ஓடும், நாம மட்டும் நோட்டத் தூக்கிட்டு நிக்கறதா என்றார். நான் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஏனுங்க, நிட்டிங் மெஷின் வாங்கறப்ப மூணு தடவ போய்ப் பாத்தீங்க, நம்ம நூலுக்கு ஆகுமான்னு பாத்தீங்க, ஸ்பேர் கெடைக்குமா, ஓட்டறதுக்கு ஆள் இருக்குதான்னு கேட்டீங்க, இடத்த அளந்தீங்க, ரெண்டு வருசம் கழிச்சுப் பக்கத்துல இன்னொண்ணு போட எடம் விட்டு வெச்சீங்க, பெட்டி வாங்கறப்ப வெலையையும் மூடி வெக்கற வெல்வெட்டுத் துணி கலரையும் தவிர என்னங்க கேட்டீங்க என்றேன். இந்த வருடம் எது, அடுத்த வருடம் எது, எது நோட்டிலேயே இருக்கட்டும், எது பெட்டிக்குப் போகட்டும் என்று எழுதி வைத்துவிட்டு அதன் பிறகு கேளுங்கள், அன்றைக்குத் தோப்பென்ன, கழுத்துச் சங்கிலியையும் கழற்றிக் கொடுக்கிறேன், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

இன்று காலையில் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நோட்டு அவர் பையில் இருந்தது, கம்பெனிக்குப் போனதும் அண்ணனையும் வேலுமணியையும் கூப்பிட்டு மாடியில் உட்கார வைத்துக்கொண்டார், என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பையரிடம் காட்ட, எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று பெட்டியிலிருந்து ஒரு பட்டியல் எடுக்கச் சொன்னார். வேலுமணி அடித்து எடுத்துக் கொடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில் இருந்தார்கள், வாட்ச்மேன் வீரன் கூட இருந்தார். கலர் என்று போட்ட இடத்துக்கு நேராக மட்டும் ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. அத்தா, இங்க ஏன் ஒண்ணும் வரல என்று கேட்டார். வேலுமணி, அது சம்பளப் பட்டியல்ல இருந்து பேரை எடுக்குமுங்க, அம்மாவுக்குச் சம்பளம் இல்லீங்களே, அதனால அம்மா பேரு இதுல கெடையாதுங்க என்றாள். பாவம், அந்தப் பெண் உள்ளதைத்தான் சொன்னாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தா அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா பேரப் போடு என்றார். சம்பளம் எவ்வளவுன்னு போட்டாத்தானுங்க பேரு ஏறும் என்றாள் வேலுமணி. அத்தா என்னைப் பார்த்தார். பதினாறு வருடமாக யாருமே கேட்காத கேள்வி, அவருக்கும் கேட்கத் தெரியவில்லை, சும்மா பார்த்தார். நான்தான் சொன்னேன். கட்டிங் மாஸ்டருக்கு எவ்வளவோ அவ்வளவு போடு என்றேன். வேலுமணி அத்தாவைப் பார்த்தாள், அவர் தலையை ஆட்டினார், அவள் அடித்தாள். பேர் ஏறிவிட்டது.

தோப்பு இப்போதைக்கு விற்கவில்லை. இன்றிலிருந்து சாயப்பட்டறைச் சீட்டோடு துணுக்கு போகிறது. கலருக்கு ஒரே நம்பர், மூன்று பெட்டிக்கும் அதே நம்பர், அந்த நம்பரைக் கொடுப்பது நான் என்று அத்தா எழுதிக்கொடுத்துவிட்டார். ஏழாம் தேதி பையர் வரும்போது நானும் அந்த அறையில் உட்கார வேண்டுமாம், பயமாக இருக்கிறது, உட்காருவேன். ஆர்டர் கிடைக்குமா கிடைக்காதா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். செக்கிங் ஹாலில் சொன்னதற்கு இன்னும் யாரும் வருத்தம் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்குத் தீரவும் இல்லை. நீ டிசம்பரில் லீவுக்கு வரும்போது சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்து என்னைச் சமாதானம் செய்யப் பார்க்காதே. முதல் மூன்று நாள் மாடி ஏறாமல் கீழே எங்களோடு நின்று பார், நஞ்சம்மாளிடம் கேள், கன்னையனிடம் போய்க் கேள், அதற்குப் பிறகு என்ன வாங்கலாம் என்று உன் அத்தாவுக்குச் சொல். வேளைக்குச் சாப்பிடு, குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டிருக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும். பதிலை இந்தத் தடவை கம்பெனி முகவரிக்கே போடு, உறையின் மேல் என் பெயரை எழுது, அங்கே இப்போது அந்தப் பெயரில் ஒரு ஆள் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அ. சபுரா பீவி,
கலர் பொறுப்பு.